சரோஜாதேவியின் சமையல் மேடை

மேற்கு மாம்பலத்தில் ரயில்வே லைனை ஒட்டிய தெருவில், இரண்டாவது மாடியில் இருந்தது சரோஜாதேவியின் வீடு. தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த கணவர் வெள்ளைத்துரை இறந்து நான்கு வருடமாகிறது. மகன் பாலகணேஷ், மருமகள் மதுமதி, மூன்று வயதுப் பேத்தி கீர்த்தி ஆகியோருடன் இருந்தாள்.

அவளுடைய சமையல் மேடையில் அடுப்பைத் தவிர எதுவும் இருக்காது. மதுமதி வைக்கும் பால்பவுடர் டப்பா, குழந்தையின் தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர் எல்லாம் ஐந்து நிமிடத்தில் அலமாரிக்குப் போய்விடும். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும் மதுமதி ஒருநாள் கேட்டே விட்டாள்.

“ஒரு டம்ளர் வச்சாக்கூட எடுத்துடுறீங்க. நான் இந்த வீட்ல இருக்கலாமா, வேணாமா அத்தை?”

அன்றிலிருந்து சரோஜாதேவி எதையும் எடுத்து வைக்கவில்லை. ஒரே வாரத்தில் மேடை நிறைந்துவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு காலை ரசத்தை இறக்கினாள். காலி என்று நினைத்த மூலையில் மிக்ஸி ஜார் இருந்தது. பாத்திரம் அதில் மோதிச் சரிய, இடது கை முழங்கை வரை வெந்துபோனது.

மதுமதி ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் உட்காரச் சொன்னார். ஸ்டூல் காலருகிலேயே இருந்தது. சரோஜாதேவி நல்ல கையை நீட்டி அதைத் தடவித் தேடினாள். மதுமதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரியில் விஷயம் வெளியே வந்தது. கண் அழுத்தத்தால் நரம்பு கெட்டிருந்தது. பக்கப் பார்வை முழுக்கப் போய், நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். போனது திரும்பாது என்றார்கள். மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். யாராவது பார்த்தால் கேட்பார்களே என்று சில மாதத்தில் அதை நிறுத்தியிருக்கிறாள்.

“ஏன் அத்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா என்னை அடுப்பாண்ட வுட்டிருப்பியா?”

அன்று மாலையே மதுமதி மேடையைக் காலி செய்தாள். அம்மா இனி அடுப்படிக்கே போகக்கூடாது என்றான் பாலகணேஷ். மதுமதி அவனோடு வாதாடி, காலைக் காபி போடும் வேலையை மட்டும் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தாள். ஏழு மாதம் சரோஜாதேவிதான் காபி போட்டாள். பால் பொங்கி வருவதைச் சத்தத்தில் தெரிந்துகொண்டாள்.

மாசியில் ஒருநாள், சூடான பாலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். சத்தமில்லாமல் வந்து நின்றிருந்த கீர்த்தி அவள் புடவையைப் பிடித்தாள். அப்போதுதான் குழந்தை அங்கே இருப்பதே தெரிந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. பாத்திரத்தை மேடையில் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஹாலில் போய் உட்கார்ந்தாள்.

குளித்துவிட்டு வந்த மதுமதியிடம், “நாளையிலேர்ந்து காபியும் நீயே போட்டுடும்மா,” என்றாள்.

மதுமதி ஈரத் தலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அந்த வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.