ரதி பாடினாள், லயமே அழுதது

கொழும்பில் படம் வரைகிற வேலையில் இருக்கும் என் தங்கை மகள், சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு கார்ட்டூன் தொடர் செய்திருக்கிறாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கதை. கைபேசியில்தான் வருகிறது. எங்கள் காலத்து வரிசை வீடுகளான லயம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, பனிக்குள்ளிருந்து வருகிற ரயில் எல்லாம் அதில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் பார்த்துவிட்டு, ஊர் ஞாபகத்தில் தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறார்களாம்.

அந்தத் தொடரில் வீரபத்திரன் அடிக்கடி வருவான். மஞ்சளும் கரியும் பூசிய முகம், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு, இடுப்பில் கயிறு. பின்னால் தப்பு மேளச் சத்தம் அதிரும். இந்த முகத்தையும் நிறத்தையும் தாளத்தையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் எங்க மாமா ஆடின காமன் கூத்துல இருந்துதான்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து பதுளை பஜாரில் தெரிந்தவர்கள் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்கள். நாலு பேர் பார்த்தாலே குனிந்துகொள்கிறவன் நான். இப்போதெல்லாம் பின்தெருவால்தான் கடைக்குப் போகிறேன்.

தொடரில் எல்லோருக்கும் பிடித்த காட்சி ஒன்று. சேலை கட்டிய சின்னப் பையன் ஒருவன் ரதி வேஷத்தில் ஒப்பாரி பாடுகிறான். அதைக் கேட்டு லயமே அழுகிறது. கண்ணீர் கூரைத் தகரத்தில் வழிந்து, பீலியில் விழுந்து, ஆறாக ஓட, அதில் மீன் துள்ளுகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் சின்னவளாக இருந்தபோது சோறு ஊட்டுவதற்காக நான் சொன்ன கதைதான் அது. ஆனால் சோறு ஊட்டும்போது எவ்வளவு சொல்ல முடியுமோ, அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

தெமோதரைக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் தோட்டம். மாசி அமாவாசை கழிந்ததும் அங்கே காமன் கம்பம் நடுவார்கள். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் எரித்துவிடுகிறார், ரதி அழுகிறாள், மூன்றாம் நாள் அவன் உயிர்த்து எழுகிறான், இதுதான் கூத்தின் கதை. வேஷம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டியவன் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் அவனை அண்டக்கூடாது. அண்டினால் காப்பை அவிழ்த்துக் கூத்தை நிறுத்திவிட வேண்டும். பாதியில் நின்ற கூத்து தோட்டத்துக்கே கெடுதல் என்று பெரியவர்கள் நம்பினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் நம்பினேன்.

அந்த வருஷம் கூத்து நடத்தியவர் என் தாய்மாமா. தன் மகனை மன்மதனாக்கினார். ரதி வேஷத்துக்கு என்னைப் பிடித்தார்.

"இவன் எதுக்குங்க? ஆளைப் பாத்தாலே கதவுக்குப் பின்னால போயிருவான்" என்றார் அப்பா.

"அதுதான் வேணும். மத்தவனுக்கு வெக்கப்படச் சொல்லிக் குடுக்கணும். இவனுக்கு அந்த வேலை மிச்சம்" என்றார் மாமா.

அம்மா சிரித்துவிட்டாள். வயிறு பெரிதாக இருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் சிவப்புச் சேலையை எனக்கு ஏற்றமாதிரி மடித்துத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

காமனை எரிப்பதற்கு முதல் நாள் காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. மாதம் இன்னும் நிறையவில்லை. லயத்தில் பெண்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். தீட்டுப் பட்டுவிடும் என்று மாமாவின் மனைவி, என் அத்தை, என்னை இழுத்துக்கொண்டு மேல் லயத்திலிருந்த தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து பார்த்தபோது தோட்டத்து லொறி வளைவில் இறங்குவது தெரிந்தது. பின்தட்டில் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்திருந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் தோட்டத்து ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்து மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவரிடம் அத்தை கண்ணாலேயே ஏதோ கேட்டார். அவர் தப்பைத் தீயில் காய்ச்சப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாமே தலைகீழாகிவிட்டது. பீலிக்கரைக்குப் போனேன், பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தை கேட்காமலே தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டார். ஒத்திகையில் வேண்டுமென்றே ஓர் அடியைத் தப்பாகப் பாடினேன். அடி பிசகினால் தலையில் குட்டுகிற மாமா, "பரவாயில்ல, பாடு" என்றார்.

அந்தப் பரவாயில்லைதான் என்னைப் பயமுறுத்தியது. அம்மா செத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

யாருக்கும் தெரியாமல் தேயிலைக்குள் இறங்கி ரயில் பாதைக்குப் போனேன். பாதைதான் எங்கள் எல்லை. தண்டவாளத்தைத் தாண்டி அதன் வழியே நடந்தால் பதுளை வந்துவிடும். ஒரு காலை எடுத்து வைத்தால் போதும். கையில் காப்பு இருந்தது. தாண்டினால் அம்மாவைப் பார்க்கலாம், ஆனால் காமன் எழுந்திருக்க மாட்டான். காமன் எழுந்திருக்காத தோட்டத்தில் அம்மா மட்டும் எப்படி எழுந்து வருவாள்? நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் மாமாவின் இருமல் கேட்டது.

"எங்கடா போற?"

"பதுளைக்கு. காப்பை அவுத்து விட்டுருங்க மாமா."

"நடுவுல அவுக்கக் கூடாதுடா."

"அம்மா செத்துட்டாங்களா?"

"வாயக் கழுவு! ஒங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல."

"சத்தியமா?"

மாமா என் காப்பின் மேல் கையை வைத்தார். "இந்தக் காப்பு மேல சத்தியம். ஒங்கம்மா உசுரோட இருக்கா. காமன் எந்திரிக்கிற அன்னிக்கு வந்துருவா."

காப்பின் மேல் வைத்த சத்தியத்தை யாரும் மீற மாட்டார்கள். அவரோடு திரும்பி நடந்தேன். நான் அம்மாவைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன். மாமாவும் அம்மாவைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

விடியும் நேரத்தில், காமனை எரிக்கச் சிவன் ஏவிய வீரபத்திரன் வந்தான். கயிற்றைப் பிடித்த ஆட்களையும் இழுத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து பாய்ந்தான். கம்பத்தில் தீ ஏறியது. மன்மதனாக நின்ற மாமா மகன் விழுந்தான், அவனை வெள்ளைத் துணியால் மூடினார்கள். இனி என் முறை. எல்லாக் கண்ணும் என் மேலிருந்தது. துணியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். எழுந்து வா, எழுந்து வா என்றுதான் ஒவ்வோர் அடியும் முடியும்.

முதல் அடியிலேயே அத்தை வாய்விட்டு அழுதார். அடுத்து பீலிக்கரையில் வாயை மூடிக்கொண்ட பெண்கள். பிறகு லயமே அழுதது. ரதிக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவது வழக்கம்தான். இது அப்படியில்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தப்படித்த மாமாவின் கை பிசகியது. கூட்டத்தின் ஓரத்தில் அப்பாவைக் கண்டேன். ரயில் பாதை வழியே நடந்தே வந்திருக்க வேண்டும், கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

என் பாட்டுக்கு அப்பாவே அழுகிறார்! வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. குரலை இன்னும் உயர்த்தினேன். அழுகையும் உயர்ந்தது. அன்றைக்கு அந்த மலையில் என்னைப்போல் சந்தோஷமாக இருந்தவர் யாருமில்லை.

முதல் நாள் மதியமே அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டிருந்தது. அந்தச் செய்திதான் ஆபீசுக்கு வந்தது. வெளியே சொன்னால் எங்கள் வீட்டில் தீட்டு. என் காப்பை அவிழ்க்க வேண்டும், கம்பம் எரியாமல் நிற்கும். அதனால் அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு எல்லோரும் விடியும்வரை காத்திருந்தார்கள். ரதி பாடும்போது யாரும் அழலாம், யாருக்காக என்று கேட்க ஆளில்லை. இதையெல்லாம் நான் விளங்கிக்கொள்ள வெகுகாலம் ஆனது. அதற்குப் பிறகு பிறந்த தங்கையின் மகள் வரைந்த ஆற்றில் மீன் துள்ளுகிறபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்து வைக்கிறேன்.

மூன்றாம் நாள் காமனை எழுப்பி, ஆற்றில் காப்பை அவிழ்த்துவிட்டோம். பிறகுதான் அத்தை என்னை மடியில் இருத்தி, "பாப்பா சாமிகிட்டப் போயிருச்சுடா" என்றார். தலையாட்டினேன். பார்த்திராத பாப்பா. மாமாவின் சத்தியம் பொய்க்கவில்லை, அம்மா வருகிறாள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பின்னேரம் அம்மா வந்தாள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்து, பாயில் சுவரோரமாகச் சாய்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நான் பாடினேன். எல்லாரும் அழுதாங்க. அப்பாகூட!"

"அப்பாவுமா?"

"ஆமா. துண்டப் போட்டு மூடிக்கிட்டு ஓன்னு அழுதாரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குப் பாடிக் காட்டு" என்றாள்.

"இப்ப வேணாம் புள்ள" என்றார் அப்பா.

"பாடட்டும். நான் மட்டுந்தானே கேக்கல."

தொண்டை கட்டியிருந்தாலும் முழுவதும் பாடினேன். அம்மா சத்தமே இல்லாமல் அழுதாள். இவளுக்கும் என் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பாடி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சானா?" என்று கேட்டாள்.

"யாரும்மா?"

"காமன்."

"எந்திரிச்சிட்டான். ஆனா சிவன் ஒரு கண்டிசன் போட்டுட்டாரு. இனிமே யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டான். ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான்."

பாயில் தன் பக்கத்தில் இருந்த இடத்தை அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி என்ன பார்க்கிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். பாய்தான் இருந்தது.