லாரி வரிசையில் கேட்ட ஜெபம்

என் கண் முன்னால் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்தாள். அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான், பிறகு ஆண்டவர் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர். இருபது வருடமாகக் கால்பந்து சொல்லித் தருகிறேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு. ஒன்று, வலிக்கு அடிக்கும் ஸ்பிரே. இன்னொன்று, "ஒண்ணும் இல்ல, எந்திரி." இந்த இரண்டையும் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பெண்கள் அணிக்கு எண்ணூரில் மேட்ச். மேட்ச் அன்று எனக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகளின் பை, போன் எல்லாவற்றையும் பந்து மூட்டையோடு, பள்ளிக்குச் சாமான் ஏற்றும் கபாலியின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி முன்னாலேயே அனுப்பிவிடுவேன். பை இருந்தால் சிப்ஸ் வரும், போன் இருந்தால் செல்ஃபி வரும் என்பது என் ஞானம். ஒன்பதாம் வகுப்பு பெனிட்டா, "சார், என் பையை மட்டும் கைல வெச்சுக்கிறேன்" என்றாள். "உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று பிடுங்கி வண்டியில் போட்டேன். அவளுக்கு இளைப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். இன்ஹேலர் பையில்தான் இருக்கும் என்றும் தெரியும். அந்த நிமிடம் சட்டம்தான் மண்டையில் இருந்தது. மூளை இல்லை.

திருவொற்றியூர் தாண்டியதும் வேன் நின்றது. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூசியும் புகையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் பெனிட்டா இருமினாள். பிறகு நெஞ்சில் விசில் சத்தம். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு வெளுத்தது.

நான் ஸ்பிரேயை எடுத்தேன். ஆமாம், வலிக்கு அடிப்பதைத்தான். கேப்டன் மகேஸ்வரி என் கையைப் பிடித்தாள். "இன்னா சார், அவளுக்குக் காலா ஒடைஞ்சு கீது?"

கபாலிக்குப் போன் போட்டேன்.

"கிரவுண்டாண்ட வந்துட்டேன் சார். டீ குடிச்சுகினு கீறேன்."

"பையை எடுத்துகினு உடனே திரும்பி வாடா."

"எப்டி சார்? இங்கயிருந்து வர்ற ரோடும் லாக்காயி கீது."

ஆம்புலன்சுக்குப் பேசினேன். பக்கத்தில் ஏதாவது அடையாளம் சொல்லச் சொன்னார்கள். "சிவப்பு கன்டெய்னர்" என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு கன்டெய்னர்.

பெனிட்டாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, வருகைப் பதிவேட்டால் விசிறினேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இறங்கிப் போய் டயர் பக்கத்தில் முட்டி போட்டேன். மாதாவே, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றேன். ராயபுரம் பாலம் ஏறவே என் முட்டி கெஞ்சும். மொட்டை போடுகிறேன் என்றேன். என் தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மாதாவுக்குத் தெரியாதா? நேர்ந்துகொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை. "அந்தப் பிள்ளையை எடுத்துக்காத சாமி. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது.

கண்ணைத் திறந்தால் வேனில் பெனிட்டாவும் டிரைவரும் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற பத்துப் பேரையும் காணவில்லை. ஒருத்திக்காக ஜெபிக்கப்போய் மொத்த டீமையும் தொலைத்துவிட்டேனே என்று தலை சுற்றியது. அப்போதுதான் தகரத்தை அடிக்கும் சத்தம் கேட்டது. முன்னால் ஐந்து பேர், பின்னால் ஐந்து பேர் என்று பிரிந்து ஓடி, ஒவ்வொரு லாரிக் கதவையும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, வீசிங் பம்பு கீதா? அண்ணே!"

எத்தனையாவது லாரியோ தெரியாது. என் வயதுக்காரர் ஒருவர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மகேஸ்வரியோடு ஓடி வந்தார். வேனுக்குள் பார்த்ததும் என்னிடம்தான் முதலில் பாய்ந்தார்.

"யார் சார் படுக்க வெச்சது? ஒக்கார வை."

உட்கார வைத்தேன். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். "மெதுவா இழு பாப்பா. அப்டியே புடி. இப்ப விடு." திரும்பத் திரும்பக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த ரோட்ல வண்டி ஓட்டிகினு, இது இல்லாம முடியுமா சார்?" என்றார்.

நெஞ்சின் விசில் மெல்ல அடங்கியது. பைக்கில் வந்த ஒருவர் பெனிட்டாவையும் மகேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு லாரிச் சந்துகளில் நுழைந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மற்றவர்களை டிரைவரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே நானும் ஓடினேன். என் தொப்பை எனக்கு முன்னால் ஓடியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கல் என்று டாக்டர் சொன்னார்.

காசிமேட்டில் மீன் விற்கும் பெனிட்டாவின் அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "பையைப் பிடுங்கினது நான்தாம்மா" என்றேன். அவர் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"வேண்டிக்கினியா சார்?"

"வேண்டினேன்மா."

"நானும் தெனம் வேண்டிக்கினுதான் அனுப்புறேன். அடுத்த தபா பையையும் குடுத்துட்டு வேண்டிக்கோ."

இப்போது பை அவரவர் மடியில்தான் வருகிறது. சிப்ஸும் வருகிறது, வரட்டும். என் சட்டைப் பையிலும் ஓர் இன்ஹேலர் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று டாக்டரிடமே கற்றுக்கொண்டேன். ஆனால் லாரிகள் அதே இடத்தில் நிற்கின்றன, தூசியும் குறையவில்லை. பெனிட்டா ஒரு தடவை இருமினாலும் என் கை சட்டைப் பைக்குப் போகிறது. தைரியசாலி ஆகிவிட்டேன் என்று பொய் சாட்சி சொல்ல மாட்டேன். என்னால் ஆகாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். தினமும் காலையில் அதைச் சொல்லித்தான் மைதானத்துக்குப் போகிறேன்.

நான் கண்ணை மூடியிருந்தபோது அந்தப் பிள்ளைகளை ஓட வைத்தவருக்கு நன்றி. உங்களிலும் யாராவது முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிற்கலாம். அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். உளறினாலும் அவருக்குப் புரிகிறது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் வந்தால், நாம் வழிவிட வேண்டும் அல்லவா?