ஜெர்மன் ஜோடி, ஜப்பான் ஜோடி

பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவன் எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்பதில்லை. முதல் அரை நிமிடம், கடைசி அரை நிமிடம், நடுவில் டீ. அடுத்தவர் ரசனைக்குக் காது கொடுத்துச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இனி வருவது புதிதாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரவிக்கைத் துணி

எழுபதுகளில், பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு கடையில் இருந்தேன். வாடிக்கையாளர் வெற்றுக் கேசட்டையும் ஒரு தாளில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். முதலாளி பெயர் பரமசிவம். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவருடைய உடன்பிறந்த மூத்தவருக்கு அதே தெருவில் இரண்டு ஜவுளிக் கடை. எங்கள் கடை இருந்த இடமும் மூத்தவருடையதுதான்.

சினிமாப் பாட்டு எல்லாக் கடையிலும் கிடைத்தது. ராக் இசைத்தட்டுகள் எங்களிடம்தான் நிறைய இருந்தன. அண்ணாச்சிக்கு அந்தச் சங்கீதம் பிடிக்காது, அதைத் தேடி வரும் கல்லூரிப் பையன்களைப் பிடிக்கும். ஆனால் அவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒற்றைக் காதில் வைத்துக் கேட்கும் ஒரு பழைய ஹெட்போனில் நான் சரிபார்த்து அனுப்பிய கேசட்டுகளில் கரகரப்பு இருந்ததாம். மயிலாப்பூரில் புதிதாகத் திறந்த கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். மூத்தவர் ஒரு நாள் வந்து நின்றார். காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். "தீபாவளி வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள இங்க கூட்டம் வரலன்னா ரவிக்கைத் துணிக்கு அலமாரி அடிச்சிருவேன். உன் இரைச்சலை மூட்டை கட்டிக்கிடு."

ஒரே கோடு

அண்ணாச்சி நல்ல ஹெட்போன் தேடினார். ஒரே வாரத்தில் இரண்டு வந்தன. ஒன்று ஜப்பான், கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்த ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தது. தடித்த மெத்தை வைத்து, காதை முழுதாக மூடும். மற்றது ஜெர்மன், ஜெர்மனிக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்த அடையாற்று வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவருடையது. தக்கை போல எடை, காதின் மேல் ஒரு பஞ்சு வட்டம், அவ்வளவுதான். இரண்டையும் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம், ஒன்றைத்தான் வாங்க முடியும். தீபாவளிக்கு ஐந்து மாதம் இருந்தது.

எது உயர்ந்தது என்று வாடிக்கையாளர்களே சொல்லட்டும் என்று முடிவானது. மயிலாப்பூருக்குப் போனவர்களுக்கும் ஆள் அனுப்பினோம். ஒரே ராக் இசைத்தட்டு, அதில் ஒரே பாட்டு. ஆம்ப்ளிஃபயரில் ஒரு துளைதான் இருந்தது என்பதால் ஒன்றைப் பிடுங்கி மற்றதைச் சொருக வேண்டும். யாருக்கும் ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று, சத்தம் கூட்டும் திருகுக்கு நேராக நான் ஒரு பென்சில் கோடு போட்டேன். எந்த ஜோடியைச் சொருகினாலும் திருகு அந்தக் கோட்டில்தான் நிற்கும். அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் கோட்டைக் காட்டினார். "தராசுல ஆளுக்கு ஒரு கல்லு வைக்கக் கூடாதுல்லா? எல்லாருக்கும் ஒரே கல்லு."

மே மாதம்

முதலில் வந்தவர்கள் அடையாற்றுக் கல்லூரி மாணவர்கள் இருவர். தோள்வரை முடி, அகலக்கால் பேன்ட். ஜப்பான் ஜோடியைப் போட்டவன் பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கழற்றியபோது இரண்டு காதையும் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம், அதிலிருந்து வேர்வை சொட்டியது. மே மாதத்தில், மின்விசிறிக்குக் கீழேயே சட்டை முதுகில் ஒட்டும் ஊரில், காதுக்குக் கம்பளி போட்டது போலத்தான். அவன் நண்பன் ஜெர்மன் ஜோடியைப் போட்டான். அதன் பஞ்சு வழியாகக் காற்று போகும், தெருவும் வரும். பாதிப் பாட்டில் நிமிர்ந்து, இந்த ரெக்கார்டில் பூக்காரம்மா குரல் எப்படி வந்தது என்று என்னைக் கேட்டான். வாசலில்தான் அந்த அம்மாள் கூடையோடு நின்றிருந்தார்.

நோட்டில் ஜப்பானுக்கு ஒன்று, ஜெர்மனுக்கு ஒன்று என்று இரண்டு பத்தி பிரித்து வைத்திருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு இருவரும் ஜப்பானுக்கு எழுதச் சொன்னார்கள். காதைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே முதலாமவன் நண்பனிடம் சொன்னான்: "காது வெந்துடுச்சு மச்சி. ஆனா அந்த டிரம் இருக்கு பாரு, வயித்துலயே உதைக்குது."

மல்லிகைக்குக் கீழே

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெண் வருவாள். கையில் வயலின் பெட்டி, தலையில் நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. எங்களிடம் கர்நாடக சங்கீதம் கேட்க வந்தவள், அண்ணன் வாங்கி வந்த ஒரு கேசட்டால் ராக்கில் விழுந்துவிட்டாள். அவளையும் கேட்கச் சொன்னோம். ஹெட்போனின் வளையம் தலைக்கு மேல் போனால் பூ நசுங்கும். அவள் ஒரு நொடி யோசித்து, அதைத் தலைகீழாகப் பிடித்து, வளையத்தைத் தாடைக்குக் கீழே விட்டு மாட்டிக்கொண்டாள். வெள்ளித் தாடி வைத்தது போல இருந்தது. அண்ணாச்சி சிரிப்பை அடக்க வாசல் பக்கம் போனார். வயலின் வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், பூ கசங்கிப் போனால் வீட்டில் என்ன பதில் சொல்வது என்று அவள் எங்களையே கேட்டாள்.

இரண்டையும் இரண்டு முறை கேட்டாள். அவசரப்படவில்லை. பிறகு ஜெர்மன் என்று எழுதச் சொன்னாள். அந்தப் பத்திக்கு விழுந்த முதல் ஓட்டு. ஏன் என்று கேட்டதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "அதுல சத்தம் ஜாஸ்தி. இதுல வாத்தியம் ஜாஸ்தி."

ஒரே ரெக்கார்டில் இரண்டு

மேற்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் ஆபீஸ் போய்வரும் வரதன் என்ற வங்கி குமாஸ்தா எங்கள் நிரந்தர வாடிக்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது காது போய்விட்டது. அந்தக் காலத்து ஸ்டீரியோ இசைத்தட்டுகளில் பலவற்றில், டிரம்மையும் பேஸ் கிடாரையும் ஒரு பக்கம் தள்ளி, பாடுகிறவரை மறு பக்கம் நிறுத்தியிருப்பார்கள். வரதன் ஹெட்போனை மாட்டினால் பாடுகிறவர் மட்டும் வருவார். பாட்டு முடிந்ததும் வலது இடது மாற்றி மாட்டிக்கொள்வார். இப்போது டிரம் மட்டும் வரும். எந்த ஜோடியையும் இரண்டு தடவை கேட்டால்தான் அவருக்கு ஒரு தடவை.

அவரை இதற்கு இழுத்திருக்க வேண்டாமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் பொறுமையாக நான்கு தடவை கேட்டு, ஜப்பான் என்று எழுதச் சொன்னார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். அவர் தடுத்துவிட்டார். "ரெண்டு காதுக்காரங்க எல்லாம் ஒரே வாட்டியில கேட்டு முடிச்சிடறீங்க சார். எனக்கு ஒவ்வொரு ரெக்கார்டுலயும் ரெண்டு பாட்டு."

மூக்கால் பாடியவர்கள்

ஜப்பான் பத்தி பக்கத்தின் அடிவரை நிரம்பியது. ஜெர்மன் பத்தியில் விரல் விட்டு எண்ணலாம். பேராசிரியரின் ஜோடியை அண்ணாச்சியே அடையாற்றுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். நான் ஜப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கரகரப்பு இருந்தால் உடனே தெரிந்தது, அதுவரைக்கும் லாபம். ஆனால் டிரம் என் வயிற்றிலும் உதைத்தது. எங்கள் ஆம்ப்ளிஃபயர் உள்ளூர் மெக்கானிக் கட்டியது. அதில் அடித்தொனியைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் திருகைத் திருப்பினால் கேசட்டிலும் அது அப்படியே ஏறும். உதை தாங்காமல் நான் பேஸைக் கொஞ்சம் குறைப்பேன். இன்னும் கொஞ்சம் குறைப்பேன். என் காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் கேசட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு உறையோடு கட்டாக. ஒருவர்கூட இந்த முறை கரகரப்பு என்று சொல்லவில்லை. பாட்டில் சதையே இல்லை என்றார்கள். பெஞ்சு மறுபடி காலியானது. மூத்தவரின் தச்சர் ஒரு நாள் மத்தியானம் வந்து, எங்களிடம் ஒன்றும் கேட்காமல் சுவரை அளந்துவிட்டுப் போனார். வயிற்றில் உதைக்கிறது என்று சொன்ன அதே அடையாற்றுப் பையன்தான் கடைசிக் கட்டைக் கொண்டுவந்தான். "அண்ணே, நாலு பேர் பாடுறாங்க. நாலு பேருக்கும் ஜலதோஷமா?"

ஒல்லியும் குண்டும்

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு உதவியாளராக இருந்தவர் ஏகாம்பரம். பழைய இசைத்தட்டுத் தேடி எங்கள் கடைக்கு வருவார். திரும்பி வந்த கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டார், என் ஜப்பான் ஜோடியை வாங்கி மாட்டிப் பார்த்தார், அதில் டிரம் இருப்பதைவிடப் பெரிதாகக் கேட்கும் என்றார். காதில் கூடிப்போனதை நான் கேசட்டில் வெட்டியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் எல்லாரும் இதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று நோட்டை நீட்டினேன். பென்சில் கோட்டையும் பெருமையாகக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த மாதிரி ஜெர்மன் ஜோடிக்கு அதிக மின்சாரம் வேண்டும், அதே கோட்டில் வைத்தால் அது மெதுவாகத்தான் பாடும், மெதுவாகப் பாடுவது யார் காதுக்கும் மட்டமாகத்தான் படும் என்று விளக்கினார். திருகை இன்னும் கொஞ்சம் திருப்பி, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டு அல்லவா கேட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி தராசுக் கல்லைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார். ஏகாம்பரம் விடவில்லை. "இன்னா நைனா இது? ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே அளவுல சட்டை தெச்சுக் குட்த்துட்டு, ஒல்லிக்கு நல்லா இல்லன்னு நோட்டுல எழுதி வச்சுக்கீறியே."

துரை போன கோலம்

மறுநாள் காலையிலேயே நானும் அண்ணாச்சியும் பஸ் பிடித்து அடையாற்றுக்கு ஓடினோம். ஜப்பானை யாருக்காவது விற்றுவிட்டு ஜெர்மனை வாங்கிவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டார். வீடு பூட்டியிருந்தது. காவல்காரர் மட்டும் வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பாலவாக்கத்துக்காரர், மீன்பிடிக்கும் குடும்பம். தம்பி வலைக்குப் போக, இவர் வாசலுக்கு வந்துவிட்டவர். பேராசிரியர் போய் நான்கு நாள் ஆகிறது என்றார். சாமான்களெல்லாம் விற்றாகிவிட்டது, மிச்சம் ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி விடாமல், காதில் மாட்டுவது ஒன்று இருந்ததே, தக்கை போல, அதை யார் வாங்கியது என்று கையால் வரைந்து காட்டிக் கேட்டார். காவல்காரருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "அதுவா? பெட்டியில எடம் இல்லன்னு துரை காதுலயே மாட்டிக்கினு கார்ல ஏறிட்டாரு. ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பையில வச்சிக்கினாரு. ஒண்ணும் கேக்கலீங்க, சும்மாதான் மாட்டிக்கினு போனாரு."

இரண்டு திருகுகள்

பஸ்ஸில் திரும்பினோம். கடைக்கு வந்ததும் அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயர் முன் உட்கார்ந்தார். பேஸ் திருகையும், மேல்தொனிக்கான ட்ரெபிள் திருகையும் நட்ட நடுவில் நிறுத்தினார். பிறகு இரண்டின் குமிழையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி ரெக்கார்டில் இருப்பது அப்படியே ஏறட்டும், எனக்கு அதில் வேலை இல்லை என்பது உத்தரவு. ஜப்பான் ஜோடி கரகரப்பைக் கண்டுபிடிக்க மட்டும். மூன்று வருட அனுபவம் உள்ள என் காதுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. டிரம் ரொம்ப உதைத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "வலிச்சா கழத்தி வச்சிட்டு டீ குடிச்சிட்டு வாடே. கையை மட்டும் மடியிலயே வச்சிக்க."

திரும்பி வந்த கேசட்டுகளை எல்லாம் காசு வாங்காமல் மறுபடி ஏற்றிக் கொடுத்தோம். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அதே வேலை. சதை ஏறியது. அடையாற்றுப் பையன் நண்பர்களோடு வந்தான், அவர்கள் தங்கள் நண்பர்களோடு வந்தார்கள்.

அளவு நாடா

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மூத்தவர் தச்சரோடு வந்தார். தெருவில் அப்போது ஜவுளிக் கூட்டம் கால் வைக்க இடமில்லாமல் இருந்தது. எங்கள் பெஞ்சில் ஆறு பேர், வாசலில் நான்கு பேர், எல்லார் கையிலும் கேசட். அண்ணாச்சி எழுந்து நின்றார். மூத்தவர் என்னிடமிருந்து ஹெட்போனை வாங்கி, விபூதி அழியாமல் மெதுவாக மாட்டிக்கொண்டார். முழுப் பாட்டையும் கேட்டார். கடையைச் சேர்ந்தவர்களில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தச்சரிடம் அளவு நாடாவை வாங்கித் தாமே பிடித்தார். "சத்தம்தான். ஆனா இத்தனை பேர் அதுக்குல்லா நிக்கான். இந்தச் சுவருக்கு ரவிக்கைத் துணி வச்சிக்கிடுதேன். அந்தச் சுவர் உனக்கே இருக்கட்டும்."

அப்படித்தான் மேலும் இரண்டு வருடம், ஒரு பக்கம் சேலையோடு ரவிக்கைத் துணியை ஒத்துப்பார்க்கும் பெண்களும் மறு பக்கம் கண்ணை மூடித் தலையாட்டும் பையன்களுமாக அந்தக் கடை ஓடியது. பிறகு நான் பத்திரிகைக்குப் போய்த் தேர்தல் செய்தி எழுத உட்கார்ந்தபோது, எந்த வேட்பாளரின் பத்தி நிரம்பும் என்பதை யார் நன்றாகப் பாடுகிறார் என்று பார்த்து அல்ல, யார் சத்தமாகப் பாடுகிறார் என்று பார்த்தே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டேன்.