சிவப்புத் துணியும் இரண்டு கடலும்

தலவாக்கலைச் சந்தையில் எங்கள் மீன் கடைத் தகரக் கூரைக்கு மேலே ஒரு மூங்கில் கம்பு நின்றது. அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி. கண்ணேறு கழிக்கக் கட்டியது என்று ஊரே நினைத்தது. மீன் வெட்டும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்து, காலையும் மாலையும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரியான முதலாளியம்மா சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது எம் பழைய பாவாடைப்பா. கும்புட்டது போதும், வந்து மீன வெட்டு" என்றார்.

அது காற்றுப் பார்க்கும் துணி. கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத மலையில் உட்கார்ந்துகொண்டு, முதலாளியம்மா அந்தப் பாவாடைத் துண்டை வைத்து இரண்டு கடல்களை நடத்தினார். மேற்கிலிருந்து காற்று வந்து துணி படபடத்தால், நீர்கொழும்பில் அலை எழும்பியிருக்கும், படகு போகாது. உடனே கிழக்குக் கரையில் இருக்கிற திருகோணமலைக்குப் போன் போடுவார். துணி எதிர்ப்பக்கம் திரும்பினால் நீர்கொழும்புக்குப் போன். துணி சும்மா தொங்கினால் இரண்டு கடலும் குளம்போலக் கிடக்கின்றன, எங்கே கேட்டாலும் மீன். இதுதான் அவருடைய கணக்கு. ஆம்பிளை ஸ்வெட்டரும் முழங்கால்வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு, "எங் கடையில இல்லேங்குற பேச்சே இல்ல" என்று அவர் சொல்லும்போது, பக்கத்துக் கடைகளில் ஈ ஓட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பொம்பளைக்கு எதற்கு மீன் கடை என்று கேட்டவர்களும் அவர்களேதான். இல்லை என்ற பேச்சே இல்லை என்கிற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் கடையே நின்றது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம் காற்று வரவேயில்லை. மழையும் இல்லை. தேயிலைச் செடி வெயிலில் சுருண்டு, கொழுந்து எடுக்கப் போனவர்கள் பாதி மூட்டைகூட இல்லாமல் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினார்கள். கூரைமேல் துணி, பரீட்சையில் கோட்டைவிட்டவன் தலைபோலத் தொங்கியது. அந்த நேரம் பார்த்து என் அக்கா மகள் பெரிய மனுஷியானாள். தாய்மாமன் மீன் கடையில் இருக்கும்போது சடங்கு விருந்தில் கோழியைப் போட்டால் லயமே சிரிக்கும் என்று அக்கா கடைக்கே வந்து நின்றாள். முதலாளியம்மா நிமிர்ந்து துணியைப் பார்த்தார். தொங்கியது. சந்தை முழுக்கக் கேட்கும்படி, "ஒங்க லயத்துக்கே மீன் கொழம்பு, எம் பொறுப்பு. போய் வேலையப் பாரு" என்றார். நானும் பெரிய மாமன் தோரணையில் மீசையைத் தடவிக்கொண்டேன். மீசை அப்போதும் சரியாக இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

நீர்கொழும்பில் எங்களுக்கு மீன் ஏற்றிவிடும் சிங்கள ஐயாவுக்கு, நாங்கள் மாத்தயா என்று கூப்பிடுகிறவருக்கு, போன் போட்டோம். படகுகள் தினமும் போகின்றனவாம், தினமும் வெறுங்கையோடு வருகின்றனவாம். "வத்துர ரஸ்னேயி" என்றார் மாத்தயா. தண்ணீர் சூடாக இருக்கிறது. முதலாளியம்மா நம்பாமல் மறுபடி கேட்டார். அந்த மனிதர் பொறுமையாக விளக்கினார்: காற்று அடித்துக் கடலைக் கலக்கினால்தான் அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வரும்; அதோடு சின்ன மீன் தின்னும் தீனியும் வரும். காற்று இல்லாவிட்டால் தீனி இல்லை, தீனி இல்லாவிட்டால் சாலயா என்கிற சாளை மீன் இல்லை, சாலயாவைத் துரத்தும் பெரிய மீனும் இல்லை. திருகோணமலையிலும் அதே கதை. மீன் குளிர் தேடி ஆழத்துக்குப் போய்விட்டதாம். "குளிர்தான் வேணும்னா நானுஓயாவுக்கு ரயில் ஏறியிருக்கலாமே" என்றேன். முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை வருஷம் கூட இருந்த ஆள் இன்றைக்குத்தான் பொய் சொன்னதுபோல. அமைதியான கடல் என்றால் மீன் நிறைந்த கடல் என்று மலையில் இருக்கிறவர்கள்தான் நினைக்க முடியும்.

அடுத்த கடைக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கண் குழிந்துபோன, எப்போது பிடித்தது என்று கடவுளுக்கே தெரியாத மீன். "இத வெட்டிக் கொழம்பு வச்சா யாருக்குங்க தெரியும்?" என்றார். "எனக்குத் தெரியும்" என்று முதலாளியம்மா பூட்ஸோடு தேயிலை மலை ஏறினார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.

லயத்து வாசலில் எல்லோரும் பார்க்க, "மீன் இல்லம்மா. கடல் சூடாயிருச்சு" என்றார். அவர் வாயிலிருந்து "இல்ல" என்ற சொல் வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கடலுக்குக் காச்சலா, முதலாளியம்மா? நெத்தியில ஈரத்துணி போட்டுப் பாத்தீங்களா?" என்றார் ஒரு பெரியம்மா. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இவுங்க பேச்ச நம்புனேன் பாரு" என்று உள்ளே போனாள். முதலாளியம்மா அசையாமல் நின்று, "சொன்ன மீனு வரும். சடங்குக்கு வராது, ஆனா வரும்" என்றார்.

விருந்துக்குக் கோழிதான். நான் சீர்த்தட்டோடு போனபோது, அதில் மீன் இருக்கிறதா என்று ஒரு பட்டாளமே எட்டிப் பார்த்தது.

அப்புறம் காற்று வந்தது. துணி விசிறி எழும்பியதைக் கண்டு நான் கடைக்குள் ஆடியே விட்டேன். "ஆடாத, இப்ப படகு போகாது" என்றார். காற்று இல்லாவிட்டால் மீன் இல்லை, காற்று இருந்தால் படகு இல்லை; இந்தக் கடலைப் படைத்தவனுக்கு மீன் கடைக்காரர்கள்மேல் என்ன கோபமோ! மழை கொட்டியது. மலை பச்சையாகிக் கொழுந்து துளிர்க்கத் தொடங்கியது. கொஞ்சம் காற்று தணிந்ததும் நீர்கொழும்பு மாத்தயாவே போன் பண்ணினார். வலை இழுக்க ஆள் போதவில்லையாம், அவ்வளவு சாலயா.

முதல் லொறியில் வந்த மீனை முதலாளியம்மா கடையில் இறக்கவிடவில்லை. கூடைகளை என் தலையிலும் தன் இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு நேரே லயத்துக்குப் போனார். சடங்கு முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீடு வீடாக, விருந்தில் உட்கார்ந்த ஒருவர் விடாமல், கை நிறைய அள்ளிப் போட்டார். "சடங்குக்குச் சொன்ன மீன். பிந்திருச்சு." அன்றைக்கு எல்லா அடுப்பிலும் மீன் குழம்பு. ஈரத்துணி போடச் சொன்ன பெரியம்மா, "காச்சல் விட்டுருச்சா கடலுக்கு?" என்று கேட்டு இரண்டாம் தரமும் கை நீட்டினார். அக்கா குழம்பில் முதல் கிண்ணத்தை முதலாளியம்மா கையில் கொடுத்தாள்.

இப்போது அவர் ஹட்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். கடை என் பொறுப்பில். பாவாடை நைந்துபோனதால், நான் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தில் ஒரு துண்டு பறக்கிறது. இதை யாரும் கும்பிடுவதில்லை. இந்தக் கிழமையும் காற்று இல்லை, துணி தொங்குகிறது. காலையில் நீர்கொழும்புக்குப் போன் போட்டு, படகு போனதா என்று கேட்கவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். சூடாம். கடை திறந்ததும் வாடிக்கைக்கார அக்கா ஒருவர் கூடையோடு வந்து, "சாலயா இருக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன், சந்தை முழுக்கக் கேட்கும்படி.

"இல்லன்னு சொல்றதுக்கு இம்புட்டுப் பெருமையா?"

"காத்து வரட்டும்க்கா. வந்து அடங்குனதும் வாங்க, ஒங்களுக்குத்தான் மொதக் கூடை."

அவர் கூரைமேல் தொங்கும் என் சாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போனார்.