கொண்டை மட்டும் சிவப்பு

சிசிலியில், கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் நாங்கள் இருக்கும் வீடு தரைத்தளம். முன்னால் ஒரு பழைய பலாஸ்ஸோ மாளிகை, திருத்திப் பூசி உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுகிறார்கள். பின்னால் எங்களுக்கென்று ஒரு சின்ன முற்றம், அதில் ஒரு எலுமிச்சை மரம், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஆளுயர மதில். அந்த முற்றத்தில்தான் என் கணவர் ஒரு கோழி இனத்தை உருவாக்கத் தீர்மானித்தார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகக் குசினியில் அவருக்கு வேலை. அங்கே கத்தரிக்காய் கொண்டுவந்து போடும் தோட்டக்காரர், தன்னிடம் கறுப்புக் கோழிகள் நிற்பதாகக் கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமையே ஒரு சேவலும் சில பேடுகளும் தக்காளிப் பெட்டிக்குள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. முட்டைக்குத்தான் என்று நான் சந்தோசப்பட்டேன். முட்டை எல்லாரும்தான் எடுப்பினம் என்றார் அவர். அவருக்கு வேண்டியது வான்கோழிக்குக் கிட்ட வரும் பருமன், கொண்டையையும் தாடியையும் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. ஒரு இறகுகூட வேறு நிறத்தில் இருக்கக்கூடாது.

ஏன் இந்த ஆசை என்று கேட்டேன்.

"இஞ்சை வந்த நாள்தொட்டு எல்லாம் மற்றவை சொன்னபடிதான். கறிக்குப் போடுற உப்புக்கூட அவை சொல்லுற அளவுதான். இது ஒண்டாவது நான் நினைச்ச மாதிரி வரட்டும்."



முறை ஒன்றும் பெரிய சிக்கலானதில்லை. பொரித்த குஞ்சுகள் வளர்ந்ததும், எல்லாவற்றிலும் பெரியதையும் எல்லாவற்றிலும் கறுத்ததையும் அவர் சோடி சேர்ப்பார். மிச்சம் என் குசினிக்கு வரும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கோழியைக் கையில் தூக்கி, செட்டையை விரித்து, வயிற்று இறகை ஊதி ஊதிப் பார்ப்பார். ஒரு வெள்ளைக் கீறல் கண்டால் முகம் இருண்டுவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டில் பிரட்டல் கறி. அந்த வருடங்களில் நாங்கள் சாப்பிட்ட நல்ல சாப்பாடெல்லாம் அவருடைய ஏமாற்றங்களிலிருந்து வந்தது என்பதை நான் ஒருநாளும் அவருக்குச் சொன்னதில்லை.

இந்தக் காலத்தில்தான் கனடாவிலிருந்து மச்சாள், அவருடைய அக்கா, எங்கள் மகளுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா. மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள், கல்யாணத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. மச்சாள் போனில் கதைத்தபோது இவர் முற்றத்தில் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் உயரம் எவ்வளவு, நிறம் எப்படி என்று விசாரிக்கிறார்களாம். எனக்குத் தெரிந்து இவர் தன் அக்காவோடு குரல் உயர்த்தியது அந்த ஒரே தடவைதான்.

"உயரமும் நிறமும் கேட்டு எடுக்க என்ரை பிள்ளையை என்ன கோழியெண்டு நினைச்சினமோ?"

போனை வைத்துவிட்டு, கோபம் ஆறாமலே, சேவலின் செட்டையை விரித்து நிறம் பார்க்கத் தொடங்கினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

கோழிகள் உண்மையாகவே பெருத்துவந்தன. மத்தியான வெயிலில் அந்தக் கறுப்பு பச்சையாக மினுங்கும். பலாஸ்ஸோவில் தங்கும் வெள்ளைக்காரர்கள் யன்னலிலிருந்து படம் எடுப்பார்கள். இவர் அப்போது தற்செயலாக வெளியில் வந்தவர்போல ஒரு இஸ்திரி போட்ட சேட்டோடு முற்றத்தில் நிற்பார்.

பிறகு ஒரு வசந்த காலத்தில் இரண்டு குஞ்சுகள் வெள்ளையாக வளர்ந்தன. கீறல் இல்லை, புள்ளி இல்லை, முழு வெள்ளை. தாயும் தகப்பனும் கரிக்கட்டி.

மதிலுக்கு அந்தப்பக்கம் ரயில்வேயில் வேலை செய்து இளைப்பாறிய ஒரு சிசிலியக் கிழவர் தனியாக இருந்தார். அவரிடம் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. இவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மதிலடிக்குப் போய், உங்கள் சேவல் எங்கள் முற்றத்துக்குள் வந்துபோகிறது என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் குற்றம் சாட்டினார். கிழவருக்கு அவமானமாகப் போய்விட்டது. தன்னுடைய சேவல் அப்படிப்பட்டதில்லை என்றும், அதன் வயதுக்கு அது மதில் ஏறுமென்றால் தானும் ஏறலாம் என்றும் சொல்லிவிட்டு யன்னலை அடித்துச் சாத்தினார். அன்றோடு கதை பேச்சில்லை. நான் காலையில் வேலைக்குப் போகும்போது சொல்லும் புவோன்ஜோர்னோவுக்கும் பதில் இல்லை.

மகள் தகப்பனுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தாள். "அப்பா, அது ரெச்செஸ்ஸீவோ. தாய்க்குள்ளயும் தகப்பனுக்குள்ளயும் வெள்ளை ஒளிச்சிருந்தால், பிள்ளையில வெளியில வரும்."

"நான் பார்த்துப் பார்த்து எடுத்த கோழிக்குள்ளை வெள்ளை ஒளிச்சிருக்கோ?" என்றார் அவர். சொன்னது மகள் என்பதால் கத்தவில்லை. ஆனால் அன்று பின்னேரம் மதிலுக்கு மேல் கம்பிவலை அடித்தார்.

கம்பிவலை அடித்த பிறகும் வெள்ளைக் குஞ்சு வந்தது. 

அதைவிட மோசமானது பின்னால் வந்தது. அடைவைத்த முட்டைகள் பொரிக்காமல் விட்டன. போன் லைட்டை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பார். உள்ளே ஒரு நரம்புகூட ஓடியிருக்காது. பொரித்த ஒன்றிரண்டும் கால் வளைந்து நின்றன. அந்தப் பெரிய சேவல் எலுமிச்சை மரத்தடியில் மகாராசா மாதிரி நிற்கும், பேடுகளைத் திரும்பியும் பார்க்காது. தோட்டக்காரரைக் கேட்டபோது, அண்ணனையும் தங்கையையும், பிறகு அவற்றின் பிள்ளைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போனால் இப்படித்தான் வரும், வெளியிலிருந்து புது இரத்தம் எடு என்றாராம். அவரிடம் நின்ற மிச்சக் கறுப்புக் கோழிகளை நரி கொண்டுபோய்விட்டது. எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது ஒரே ஒரு சேவல்தான்.

ஒரு கிழமை அவர் நித்திரை கொள்ளவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த அதே உடுப்போடு, பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்தில் வாங்கிய இனிப்புப் பெட்டியைக் கையில் தந்து, நீரும் வாரும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிழவர் கதவைத் திறந்து எங்களையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே இருத்தி, கோப்பி ஊற்றினார். இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் குப்பை அள்ளாததைப் பற்றியும் கதைத்தார்கள். கோப்பி முடிந்த பிறகுதான் இவர் விசயத்துக்கு வந்தார்.

கிழவர் அவசரப்படவில்லை. குஞ்சுகளில் பாதி தனக்கு வேண்டும், கம்பிவலையைக் கழற்ற வேண்டும் என்றார். இவர் ஓம் என்று தலையாட்டினார். பிறகு கிழவர் என் பக்கம் திரும்பி, மெல்லமாக, "என்னுடைய சேவல் உங்கள் முற்றத்துக்கு ஒருநாளும் வரவில்லை, சிஞ்ஞோரா. அதை அவர் சொல்ல வேண்டும்," என்றார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். "வரவில்லை," என்றார். அவர் இத்தாலியனில் பேசியவற்றுள் பிழையில்லாத வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கிழட்டு வெள்ளைச் சேவல் எல்லோரும் நினைத்ததைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. முட்டைகள் பொரித்தன. குஞ்சுகள் ஓடித் திரிந்தன. ஆனால் வளர்ந்தபோது ஒன்றுமே கறுப்பில்லை. எல்லாம் வெள்ளை, மை தெறித்ததுபோல அங்கங்கே கறுப்புப் பொட்டுகள். பருமனும் சாதாரணக் கோழிப் பருமன்தான். இத்தனை வருடமாகத் தெரிந்தெடுத்ததெல்லாம் ஒரு பருவத்தில் போய்விட்டது. மனுசன் உடைந்துபோவார் என்று நான் பயந்தேன். அவர் பொட்டுகளை உற்றுப்பார்த்தார். பிறகு கிழவரை மதிலுக்கு மேலால் கூப்பிட்டு, இந்தப் பொட்டெல்லாம் கழுத்தில் மட்டும் வாறமாதிரிச் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கிழவர் கழுத்து வேண்டாம், வால் என்றார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கழுத்தா வாலா என்று வாதாடுகிறார்கள். தீர்ப்பில் தோற்றது எனக்கு வரும், கிழவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். உறைப்புக் கூட என்று கண் கலங்கச் சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பேடு உண்டு. சின்ன உருவம், அழுக்கு நிறம், கழுத்தில் பாதி இறகு இல்லை, பொட்டும் இல்லை. இரண்டு பேரும் வாதாடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதைச் சட்டிக்கு அனுப்புவதுதான். நான் விடவில்லை. அந்த வடிவான கோழிகளெல்லாம் நினைத்தால் முட்டையிடும், நினைக்காவிட்டால் வெயில் காயும். இது மட்டும் நாள்தோறும் விடிய எலுமிச்சை மரத்தடியில் ஒரு முட்டையை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகும். இதை ஏன் வைச்சிருக்கிறீர், இதிலை என்ன இருக்கு என்று அவர் முந்தநாளும் கேட்டார். முட்டைப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டேதான் கேட்டார்.