முழுப் பேர்

“படிச்ச திமிரு. சூரியன் வந்து கதவத் தட்டுனாத்தான் டீச்சரம்மா எந்திரிப்பாங்க.”

பெரட்டு (வேலைக்குப் போகுமுன் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது) முடிந்து எங்கள் வாசல் வழியே போன கங்காணி சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

விடியலில் எழுப்பினால் கண் திறக்கும், உடம்பு வராது. ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் கரும்பலகை முன்னாலேயே சரிந்து விழுந்தேன். எத்தனை சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் பிந்தித்தான் வரும். இரத்தசோகை என்று தோட்டத்து மருந்துக்காரர் மாத்திரை கொடுத்தார். அம்மா குறி சொல்லும் கோடாங்கியிடம் திருநீறு வாங்கி வந்தார். எதுவும் பலிக்கவில்லை. இன்னொரு முறை பிந்தினால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார் தலைமையாசிரியர்.

அம்மாவோடு போன பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர். இரத்தம் சரி என்றார். விடுமுறையில் தூக்கம் எப்படி என்று கேட்டார். பிந்தித் தூங்கிப் பிந்தி எழுவேன், ஒரு குறையும் இல்லை என்றேன்.

“இது சோம்பல் இல்லைப் பிள்ளை. எல்லாற்ற உடம்புக்குள்ளயும் ஒரு லயம் இருக்கு. உங்கட லயம் பிந்தி ஓடுது.”

அம்மா குறுக்கிட்டார். “லயத்துலதாங்க ஐயா இருக்கோம். கடைசிக் காம்பரா. அது எங்க ஓடுது?”

டாக்டர் சிரித்துவிட்டார். எங்களுக்கு லயம் என்றால் வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை. அவர் சொன்னது, மூளைக்குள் இருந்து தூக்கத்தையும் விழிப்பையும் மாறி மாறி அனுப்பும் தாளம். சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும். பரம்பரையிலும் வரும்.

“வீட்டில வேற ஆருக்கும் இப்பிடியோ?”

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டார். “இவ அப்பாவுக்குங்க. பெரட்டுக்குப் பிந்திப் போயி அரப்பேரோட வருவாரு. நானும் சோம்பேறின்னுதான் ஏசுனேன். பெக்டரியில ராவேலை குடுத்த பொறவுதான் மனுசன் சிரிச்சாரு.”

அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி; முழு நாளுக்கு முழுப் பேர். அப்பா இப்போது இல்லை.

எழுந்ததும் வெயிலில் நிற்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்; வெளிச்சம் லயத்தைக் கொஞ்சம் முன்னே இழுக்குமாம். எங்கள் மலையில் பனிமூட்டம் விலகும் காலைகள் குறைவு. ஆனாலும் நிற்கிறேன். கொஞ்சம் தேறியிருக்கிறது. முழுதாக மாறும் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஏசுமுன் விடுமுறையில் எப்படித் தூங்குகிறார் என்று பாருங்கள்.

விடியல் எனக்கு இன்னும் அடுத்தவர் வீடுதான். போகிறேன், உட்கார முடிவதில்லை. பிற்பகலில் என் உடம்புக்கு நான் வந்து சேர்கிறேன்.

இடமில்லாததால் சின்ன வகுப்புகள் பிற்பகலில்தான் நடக்கின்றன. அவற்றை எனக்குத் தாருங்கள் என்று நேற்றுத் தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

“அப்ப அரைநாள் வேலையா கேக்குறீங்க, டீச்சர்?”

“பிற்பகல் வகுப்பு எல்லாத்தையும் தாங்க சேர். முழுப் பேருக்குத்தான் கேக்குறேன்.”