ஆதாரம் கேட்ட டீச்சர்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே தமிழ் நடத்தியவர் குணசுந்தரி டீச்சர். எழுபத்தொன்றாம் வருஷம் மாற்றலாகி வந்தபோது அவர் கூடவே வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடையும். மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூக்கைச் சிந்துகிற அம்மா கங்கம்மாளும் வந்தார். அம்மாவின் கவலை அம்மாவுக்கு. டீச்சரின் கவலையோ வேறு. அவருக்கு அறிஞர்களைக் கண்டாலே ஆகாது.

உண்மையான அறிஞர்களைச் சொல்லவில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் உயிர் வாழ்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் ஒரு பத்தி எழுதச் சொன்னாலும், நாலு வரிக்கு ஒருதரம் "என்று ஓர் அறிஞர் கூறியுள்ளார்" என்று ஒரு போடு போடும். எந்த அறிஞர், எந்த ஊர், எப்போது கூறினார் என்று யாரும் கேட்டதில்லை. திருத்துகிறவரும் மேற்கோள் குறியைக் கண்டதும் பையன் நிறையப் படித்திருக்கிறான் என்று நினைத்து மார்க்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு பக்கமும் கூசாமல் நடந்துவந்த ஏமாற்று வேலை இது.

முதல் காலாண்டுப் பரீட்சையில் 'நல்ல உணவு' என்று தலைப்பு. முனிகிருஷ்ணன் என்கிற பையன் எழுதியிருந்தான்: "கெழங்கா மீன் கொழம்பு வச்சா எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் ஜொரம் வராது" என்று ஓர் அறிஞர் கூறியுள்ளார்.

டீச்சர் அவனை எழுப்பினார். "யாருடா இந்த அறிஞர்?"

"எங்க நைனா தான் டீச்சர்."

"அப்ப நைனா பேரையே எழுத வேண்டியதுதானே?"

"மீன் புடிக்கிறவரு சொன்னாருன்னு எழுதினா நீங்க மார்க் போடுவீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பையன் கேட்டதில் தப்பே இல்லை. மார்க் போட்டிருக்க மாட்டார்தான். அன்றைக்கே கரும்பலகையில் புதுச் சட்டம் எழுதினார். முதலில் உன் கருத்தைச் சொல். அடுத்து, அதற்கு ஆதாரமாக ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லை வந்தபடியே எழுது, அவர் பேரோடு. பிறகு, அந்தச் சொல் உன் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்கு. மீன் பிடிப்பவர் சொன்னாலும் சரி, மணியக்காரர் சொன்னாலும் சரி, மார்க் ஒன்றுதான். ஆனால் அறிஞர் என்று எழுதினால் முட்டை.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனது. மேற்கோள் குறிக்கு 'நண்டுக்கால்' என்று அவர்களே பேர் வைத்தார்கள். வரியின் இரண்டு ஓரத்திலும் நண்டுக்கால் மாதிரி வளைந்து பிடித்துக்கொள்கிறதாம். ஆதாரம் தேடி ஊரெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார்கள். டீக்கடையில் இருவர் பேசினால் நடுவில் ஒரு பையன் நிற்பான். குழாயடியில் சண்டை வந்தால் ஒரு பெண் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு அத்தே, சரியா காதுல உழல" என்பாள். சண்டை போடுகிறவளுக்கே சுருதி இறங்கிவிடும்.

வினை வந்தது தணிகாசலத்தின் ரூபத்தில். பழவேற்காட்டு ஏரியில் இறால் எங்கே கூடுகிறது என்பதை மீன் பிடிக்கிறவன் பெண்டாட்டியிடம்கூட வாய் தவறிச் சொல்லமாட்டான். ஆனால் ஒரு சாயங்காலம் வலை உலர்த்தும்போது, பக்கத்தில் மகள் செங்கம்மாள்தானே இருக்கிறாள் என்று தணிகாசலம் அசந்துவிட்டார். மறுநாள் 'ஏரியின் வளம்' என்ற தலைப்பில் செங்கம்மாள் எழுதியதை டீச்சர் பிரமாதம் என்று புகழ்ந்து வகுப்பில் படிக்கச் சொன்னார். அவள் எழுந்து நின்று கணீரென்று படித்தாள்: "முகத்துவாரத்துக்கு வடக்கால, ஒடஞ்ச போட்டு கெடக்குற எடத்துல எறா கொட்டிக் கெடக்குது" என்று என் தந்தை தணிகாசலம் கூறினார்.

அடுத்த நாள் விடியும்போது அந்த உடைந்த படகைச் சுற்றி ஊர்ப் படகு அத்தனையும் நின்றது. தணிகாசலத்தின் படகு நிற்கத்தான் இடமில்லை.

அவர் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டீச்சரம்மா, நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. என் பொயப்புல மண்ணு உழுந்துச்சு" என்றார். டீச்சர் எழுந்து வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து ஊர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதிரில் வந்தால் பேச்சு நிற்கும். மீன் கூடைக்காரி பூவம்மாள் டீச்சரிடமே, "கெழங்கா இருக்குதும்மா. அவ்ளோதான், வேற ஒண்ணும் நான் சொல்லல" என்று எண்ணிப் பேசத் தொடங்கினாள். டீச்சருக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது, தன் கழுத்துக்கே சுருக்கு வருகிற வரைக்கும்.

எழுபத்திரண்டு தை மாதம் ஒரு வரன் வந்தது. திருவாலங்காட்டுப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பரசுராமனுக்கு எண்ணூர் பவர்ஹவுஸில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று கங்கம்மாள், "கேசரி என் பொண்ணு கையால செஞ்சது" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை குணசுந்தரியைப் பார்த்து, "நீங்களே செஞ்சீங்களா?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டார். "சக்கர டப்பாவ எடுத்துக் குடுத்தேன்" என்றார் டீச்சர். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் கேசரி மூக்கில் ஏறியது.

ஆதாரம் கேட்கிற ஆள்! அந்த நிமிஷமே டீச்சருக்கு அவரைப் பிடித்துவிட்டது. சும்மா இல்லை, வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்று ஜன்னலைப் பார்க்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது. இருபத்தொன்பது வயதில் இப்படி ஆகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஆனால் பிடித்திருக்கிறதா என்று அவரை ஒருத்தரும் கேட்கவில்லை. பெண்ணைக் கேட்கிற வழக்கம் இல்லை. பெண்ணைப் பற்றி ஊரைக் கேட்கிற வழக்கம்தான் உண்டு.

கேட்பதற்கு ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆதிகேசவன் வந்தார். ஏதோ இறால் வியாபாரம் பேச வந்தவர்போல டீக்கடையில் உட்கார்ந்து, "இந்தத் தமிழ் டீச்சர் எப்படிப்பட்டவங்க?" என்று மெல்லப் போட்டுப் பார்த்தார். டீக்கடைக்காரர் ஜோசப், ஓரத்தில் பன் தின்றுகொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பையனைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று டம்ளர் கழுவப் போய்விட்டார். ஆதிகேசவன் பூவம்மாளைக் கேட்டார். "நான் ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல, கூடையத் தூக்கி உடு சாமி" என்றாள். வழியில் தணிகாசலத்தைக் கேட்டபோது அவர் டீச்சர் பேரைக் கேட்டதுமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

பெண் விசாரிக்கப் போன இடத்தில் ஊர் திட்டினால்கூடப் பரவாயில்லை, பொறாமை என்று எடுத்துக்கொள்ளலாம். ஊரே வாயை மூடிக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆதிகேசவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டார்.

பொன்னேரிக்குப் போக அதே நிறுத்தத்துக்கு வந்த குணசுந்தரி டீச்சர், பெண் பார்க்க வந்த கூட்டத்தில் பார்த்த முகம் என்று தூரத்திலேயே அவரை அடையாளம் கண்டுகொண்டார். லாரிக்காக அடுக்கியிருந்த சவுக்குக் கட்டைக் குவியலுக்குப் பின்னால் சட்டென்று ஒதுங்கினார். நிறுத்தத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஆதிகேசவன் கடைசி முயற்சியாக அவர்களைக் கேட்டார். "ஊருல ஒருத்தரும் வாயத் தொறக்கல. இன்னாம்மா, உங்க டீச்சரு எப்படி?"

செங்கம்மாள் முன்னால் வந்தாள். கைகட்டி நின்று, பத்தி எழுதுகிற முறைப்படியே ஆரம்பித்தாள். "எங்க டீச்சரு கோவக்காரங்க சார். 'உன் மண்டையில இருக்கறது மூளையா மணலா'னு போன வாரம் இந்த முனிகிருஷ்ணன் கிட்ட கேட்டாங்க. அவன் தப்பா எழுதினா அவங்களுக்குத் தாங்காதுன்னு இதுல தெரியுது."

'மணல் என்று எப்போது சொன்னேன்? களிமண் என்றல்லவா சொன்னேன்!' கட்டைக்குப் பின்னால் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் வார்த்தையை மாற்றுகிறாளே.

அடுத்து முனிகிருஷ்ணன். "சமையல் வராது சார். 'எம் பொண்ணு ரசம் வச்சா வாசன மட்டும்தான் வரும், ரசம் வராது'ன்னு அவங்க அம்மாவே எங்க ஊட்டுல சொன்னாங்க."

"ஆனா பொய் சொல்ல மாட்டாங்க சார்" என்றாள் செங்கம்மாள். "எங்க நைனா கிட்ட 'தப்பு என் பேர்லதான், உங்க பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு எல்லாரு எதிர்லயும் சொன்னாங்க. பசங்க மேல பழியப் போட்டுட்டு அவங்க தப்பிச்சிருக்கலாம். போடல."

ஆதிகேசவனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. காலையிலிருந்து முதல்முறையாக யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள். அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது சரிம்மா. அவங்களுக்கு ஒரு எடத்துல மாப்பிள்ள பாத்துகீறாங்களே, அதுல அவங்களுக்கு இஷ்டமா?"

டீச்சர் கட்டைகளின் இடுக்கில் காதை வைத்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இஷ்டம்தான் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. எந்த ஊர்ப் பிள்ளையும் சொல்லிவிடும்.

செங்கம்மாள் தலையை ஆட்டினாள். "தெரியாது சார். அதுக்கு ஆதாரம் இல்ல. டீச்சர் வாயால ஒண்ணும் சொல்லல."

பொன்னேரி பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. ஆதிகேசவன் பையை எடுத்துக்கொண்டார். டீச்சர் தன் பிள்ளைகளை அன்றைக்குப் போல என்றைக்கும் சபித்ததில்லை, அன்றைக்குப் போல என்றைக்கும் மெச்சியதும் இல்லை. இப்போது விட்டால் ஊரின் மௌனம்தான் திருவாலங்காட்டுக்குப் போகும். புடவையில் ஒட்டிய சவுக்குப் பட்டையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"செங்கம்மா, அவருக்கு ஆதாரம் வேணுமாம், கேட்டுக்கோ" என்றார். பிறகு ஆதிகேசவனைப் பார்த்து, வகுப்பில் சொல்கிற மாதிரி நிறுத்திச் சொன்னார். "எனக்கு உங்க மருமகனப் புடிச்சிருக்கு. அவரத்தான் கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு. சொன்னது குணசுந்தரி. விளக்கம் வேணும்னா அவரையே நேர்ல வரச் சொல்லுங்க."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பஸ் வந்து நின்றது. ஆதிகேசவன் கும்பிட்டார், ஏறினார், படியில் நின்று திரும்பி, "ஒரு வார்த்த மாறாம சொல்லிடறேம்மா" என்றார். அதே பஸ்ஸில் போகவேண்டிய டீச்சர் ஏறவே மறந்துவிட்டார்.

மிச்சக் கதை ஆதிகேசவனே பிற்பாடு சொன்னது. ஆகவே அதற்கும் ஆதாரம் உண்டு. வழியெல்லாம் உதடு அசைய அசைய மனப்பாடம் செய்துகொண்டே போயிருக்கிறார். வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அப்படியே ஒப்பித்தார். பரசுராமனின் அம்மாவான அவர் அக்கா, "வாயாடிப் பொண்ணு, நமக்கு ஒத்து வராது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பரசுராமன் மட்டும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தபா சொல்லு மாமா" என்றார்.